சும்மா என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

"எதற்கு?" என்று கேட்டது காவிரிப் படித்துறையின் கதவு.

தன்ஷிகா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கியிருந்தாள். ஏன் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கால் தானாக ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டது.

"சும்மா" என்றாள்.

கதவு அசையவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவள் எதுவுமே சொல்லாதது போலக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அதே இனிமையான குரலில் மறுபடியும் "எதற்கு?" என்றது.

"நடைப்பயிற்சி."

கதவு திறந்தது. பொய் சொன்னால் அதற்குக் கூலி உண்டு. உள்ளே போய்த் தண்ணீரைப் பார்த்து நின்றதும் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நோக்கமானி, "நடை தொடரட்டும்" என்று முணுமுணுத்தது. ஐம்பத்து நாலு வயதில், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத உடம்போடு, அவள் படித்துறையில் இப்படியும் அப்படியும் நாலு முறை நடந்தாள். ஆற்றை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் அதற்கும் காரணம் கேட்கும் என்பதால் வெளியே வந்துவிட்டாள்.

நோக்கமானி வந்து இருபது வருடம் ஆகிறது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வில்லை. அது மனதைப் படிக்காது, பேச்சைக் கேட்கும். ஒருவர் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பிரித்தெடுத்து நகரத்துக்குச் சொல்லும். நகரம் அதைச் செய்துகொடுக்கும். யாராவது போக வேண்டும் என்று சொன்னால்தான் பஸ் வரும். யாராவது படிக்க வேண்டும் என்று சொன்னால்தான் விளக்கு எரியும். திருச்சியில் சும்மா ஓடுகிற பஸ் ஒன்றுகூடக் கிடையாது என்று நோக்க வாரியம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. சும்மா நிற்கிற மனிதனும் கிடையாது என்பதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஒரே நோக்கத்தை ஏழு முறை சொல்லிவிட்டால் அது 'உறுதி'. அதன் பிறகு கேள்வியே இல்லை, நிறைவேற்றம்தான். ஆரம்பத்தில் உறையூரில் ஒரு மாப்பிள்ளை, மணவறைப் புகை தாங்காமல் "வீட்டுக்குப் போகணும்" என்று விளையாட்டாக ஏழு முறை முனகிவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டப வாசலில் வண்டி வந்து நின்றது. அவர் ஏறுகிற வரைக்கும் வண்டி நகரவில்லை, ஒலிப்பானையும் நிறுத்தவில்லை. ஊரே சிரித்தது. அதன் பிறகு ஜனங்கள் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

தன்ஷிகா அந்த வாரியத்தில் சொல்லாய்வர். அவள் பிறந்த காலத்தில் தெருவுக்கு நாலு தன்ஷிகா இருந்தார்கள். அவர்களில் இவள் ஒருத்திதான் தமிழ் படிக்கப் போனாள். நாற்பதாயிரம் தமிழ்ச் சொற்களுக்கு நோக்கம் எழுதி இயந்திரத்துக்குப் புகட்டியது அவளுடைய பிரிவு. விதி ஒன்றே ஒன்று: ஒரு சொல்லுக்கு ஒரு நோக்கம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் 'சும்மா'வில் வந்து மாட்டிக்கொண்டார்கள். சும்மா வந்தேன் என்றால் காரணமில்லாமல் வந்தேன். சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்காமல். அதையே இரண்டு தரம் சேர்த்துச் சும்மா சும்மா கூப்பிடாதே என்றால் ஓயாமல். சும்மா சொன்னேன் என்றால் பொய், ஆனால் செல்லப் பொய். சும்மா பின்னிட்டான் என்றால் அபாரம். ஆராய்ச்சிக் குழு மூன்று வாரம் சண்டை போட்டது. வேர் தெரிந்தால் பொருள் பிடிபடும் என்று ஒருவர் சுமையிலிருந்து வந்தது என்றார். இன்னொருவர் சுகத்திலிருந்து என்றார். மூன்றாமவர் பழைய நூல்களில் 'சும்மை' என்றால் இரைச்சல் என்று எடுத்துக்காட்ட, சத்தமில்லாமல் இருப்பதற்கான சொல் சத்தத்திலிருந்தா வரும் என்று மேஜையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தன்ஷிகா எழுந்து ஒரே வரியில் முடித்துவைத்தாள்.

'சும்மா: நிரப்பொலி. பொருள் இல்லை. விலக்குக.'

எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல் எந்த இயந்திரத்தின் காதிலும் விழவில்லை. ஜனங்கள் பழையபடி நாளுக்கு நூறு தரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்த வரி எழுதிய அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் சர்வேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் பேசுறதுல பாதி அதுதான். மொத்தமா அழிச்சுட்டியேடி! இப்ப நான் ஊமையா?"

"பொருளில்லாம பேசுனா அப்படித்தான்" என்றாள் அவள்.

அந்த வாக்கியம் இப்போது தினமும் அவளைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தது.

*

ஆஸ்பத்திரியில் சர்வேஷ் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் எண் ஒளிர்ந்தது. பூஜ்யம். பக்கத்தில் இன்னொரு எண். முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு நாளுக்கு முன்னால் அவன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். சிலருக்குச் சாமி பெயர் தங்கும், சிலருக்குக் கெட்ட வார்த்தை தங்கும். சர்வேஷுக்குத் தங்கியது 'சும்மா'.

நாற்பது நாளில் ஒருவரிடமிருந்து ஏழு நோக்கங்களாவது பதிவாகவில்லை என்றால் சட்டப்படி அவர் 'நோக்கமிலி'. நோக்கமிலிகளை நீள்துயில் கூடத்துக்கு மாற்றுவார்கள். குளிர்ந்த அறை, மெல்லிய இசை, ரத்தத்தில் சொட்டும் மருந்து. கொடுமை என்று யாரும் சொல்லவில்லை. எதுவும் வேண்டாதவரை விழிப்பில் வைத்திருப்பதுதான் கொடுமை என்று சட்டமே விளக்கியிருந்தது. துயில்கிறவர் கேட்டால் உடனே எழுப்பிவிடுவார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை.

கை ஜாடையை இயந்திரம் ஏற்காது. கொசு ஓட்டுவதையும் தண்ணீர் கேட்பதையும் அதனால் பிரிக்க முடியவில்லை என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள்.

தன்ஷிகா உள்ளே வந்ததும் சர்வேஷ் தலையைத் திருப்பி, "சும்மா?" என்றான்.

"சாப்டேன்" என்றாள்.

அவன் முகத்தைச் சுளித்தான். "சும்மா."

"நெசமா சாப்டேன். ரெண்டு இட்லி."

"சும்மா, சும்மா" என்று கண்ணை உருட்டினான். பொய் சொல்லாதே என்று அர்த்தம். அவளுக்கு எல்லாம் புரிந்தது. முப்பது வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ராகம் போதும், சொல் எதற்கு? சுவரில் பூஜ்யம் அப்படியே இருந்தது.

நர்ஸ் ஜெசிந்தா ஒரு துண்டை வளையமாகச் சுருட்டிக் கொண்டுவந்தாள். சர்வேஷின் பின்னந்தலையில் புண் வராமல் இருக்க அதை வைத்து அவன் தலையை மெதுவாக இறக்கினாள்.

"இது என்ன புது ஏற்பாடு?" என்று தன்ஷிகா கேட்டாள்.

"சும்மாடுக்கா. எங்கப்பா காந்தி மார்க்கெட்ல வெங்காய மூட்டை தூக்குனவரு. துண்ட இப்படித்தான் சுருட்டித் தலையில வச்சிப்பாரு. ஆஸ்பத்திரியில குடுத்த தலகாணிய விட இது தேவல."

சர்வேஷின் இடது கை எழும்பியது. துண்டைத் தொட்டுக் காட்டி, மனைவியைப் பார்த்து, "சும்மா!" என்று சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. இந்தச் சொல்லுக்குள்ளேயே என் சொல் இருக்கிறது பார் என்கிற சிரிப்பு. பழைய சர்வேஷின் சிரிப்பு.

தன்ஷிகா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுமைக்கு அடையாக வைப்பதால் சும்மாடு என்று படித்திருக்கிறாள். அதற்கும் சும்மாவுக்கும் உறவு உண்டா என்பது நிச்சயமில்லை. ஆனாலும் இப்போது அவளுக்கு வேறு மாதிரி தோன்றியது. அந்தத் துண்டு எதையும் தூக்குவதில்லை. எந்த வேலையும் செய்வதில்லை. தலைக்கும் பாரத்துக்கும் நடுவில் சும்மா இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மண்டை தாங்காது. பத்தொன்பது வருடமாக ஊரில் ஒவ்வொருவர் தலையிலிருந்தும் அதைத்தான் நாம் உருவி எடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள். உருவியது வேறு யாருமில்லை, அவள்தான்.

"ஜெசிந்தா, கொஞ்சம் பாத்துக்க. நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

*

வாரியத்தில் திருத்தக் குழுவின் செயலர் இம்மானுவேல். நல்ல மனிதர், அவளைவிடப் பத்து வயது இளையவர். அவள் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'தலைக்கும் பாரத்துக்கும் இடையில் இருப்பது.' கவிதை மாதிரி இருக்கு மேடம். ஆனா இத ஏத்துனா மிஷின் என்ன பண்ணும்? கேட்டவங்களுக்கெல்லாம் துணி கொண்டாந்து குடுக்கும்."

"சரி, அது வேணாம். 'இருக்க வேண்டும்'னு போடுங்க. அவ்வளவுதான். அவருக்கு இருக்கணும்."

"இருக்கறத எப்படி மேடம் நிறைவேத்துறது? செஞ்சு குடுக்கற மாதிரி ஒரு வினை வேணும்."

"இம்மானுவேல், இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. அவரு பேசுறாரு. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேசுறாரு. நான் எழுதுன ஒரு வரியால அவரு ஒண்ணுமே பேசாத மாதிரி ஆயிடுச்சு." குரல் உடைந்தது. அலுவலகத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

இம்மானுவேல் பார்வையைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார். நோக்கப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். "புதுசா ஒரு நோக்கம் சேக்கணும்னா குழு கூடணும், மூணு மாசம் ஆகும். ஏற்கெனவே ஒப்புதலான நோக்கத்தோட சொல்ல இணைக்கிறதுன்னா என் கையெழுத்தும் உங்க கையெழுத்தும் போதும். இருங்க... இந்தா. 'செயலின்றி இருத்தல்'. பட்டியல்ல இருக்கு. பொருந்துதா?"

செயலின்றி இருத்தல். சும்மா இருப்பதற்கு அகராதியில் யாரும் எழுதக்கூடிய அர்த்தம்தான். அவன் சொல்கிற சும்மாவில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பூஜ்யம் ஒன்றாகும், ஒன்று ஏழாகும். அது போதும்.

"போடுங்க" என்றாள்.

சொல்லின் வேரைத் தோண்டுவதே தொழிலாகக் கொண்டவள், அந்தத் தொடர் பட்டியலுக்குள் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து நடைமுறை என்றது திரை.

*

முப்பத்தொன்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு, கட்டிலோரக் கருவி வழக்கம்போல் கேட்டது. "உங்களுக்கு என்ன வேண்டும்?"

"சும்மா" என்றான் சர்வேஷ், வழக்கமான அலுப்போடு.

சுவரில் ஒன்று என்று வந்தது.

ஜெசிந்தா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். சர்வேஷ் எண்ணைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "சும்மா?" இரண்டு. தன்ஷிகா அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இடது கையால் அவள் தலையைத் தட்டி, "சும்மா... சும்மா" என்றான். ஒன்றுமில்லை, அழாதே என்று அர்த்தம். நான்கு.

"அண்ணே, சும்மா பின்றீங்கண்ணே!" என்று ஜெசிந்தா குதித்தாள். அவன் அவளைப் பார்த்துப் பெருமையாகப் புருவத்தைத் தூக்கி ஒன்று சொன்னான். ஜன்னல் வழியாகத் தெரிந்த ஆற்றுப்பாலத்தைப் பார்த்து, நீட்டி, ஏதோ பழைய ஞாபகத்தோடு இன்னொன்று சொன்னான். ஆறு.

"என்ன எப்படி பயமுறுத்திட்ட, தெரியுமா?" என்றாள் தன்ஷிகா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவன் ஒரு பக்கச் சிரிப்போடு, குறும்பாக, முப்பது வருடமாக அவளைச் சீண்டிவிட்டுச் சொல்கிற அதே தொனியில் சொன்னான்: "சும்மா."

ஏழு. எண் பச்சையாக மாறியது. அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான நிமிடம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

"உறுதி" என்றது கருவி. "நன்றி. உங்கள் நோக்கம் நிறைவேற்றப்படுகிறது."

கட்டில் சக்கரங்களின் பூட்டு தானாக விலகியது. கட்டில் கதவை நோக்கி நகர ஆரம்பித்தது.

"ஏய், நில்லு! எங்க கொண்டு போற?" தன்ஷிகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"செயலின்றி இருத்தல். நீள்துயில் கூடம், மூன்றாம் தளம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் நீள்துயில் சட்டம் வந்தபோது, அந்தப் பெயரைப் படிவத்தில் போட்டால் குடும்பங்கள் மிரள்கின்றன என்று மென்மையான ஒரு தொடர் கேட்டு அவள் பிரிவுக்குக் கடிதம் வந்தது. யாரோ 'செயலின்றி இருத்தல்' என்று எழுதினார்கள். 'நல்ல தமிழ்' என்று ஓரத்தில் குறித்து, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் அவள். அன்று நாற்பது கடிதங்களில் அது ஒன்று. அத்தோடு மறந்தும் போனாள்.

மின்தூக்கியின் கதவு திறந்தது. சுருட்டிய துண்டு கட்டிலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சர்வேஷ் அவள் கையைப் பிடித்தான். "சும்மா" என்றான். அவன் சொன்ன ஒவ்வொரு சும்மாவும் புரிந்தவளுக்கு அந்த ஒன்று மட்டும் புரியவில்லை. காப்பாற்று என்றானா, கவலைப்படாதே என்றானா? கதவு மூடியது.

*

இம்மானுவேலை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இம்மானுவேல், திருத்தத்த எடுங்க! உடனே எடுங்க!"

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம்." "காலைல எங்க வீட்ல புள்ள சாப்பிட அடம் புடிச்சான். எம் பொண்டாட்டி அவன சும்மா இரு, சும்மா இருன்னு அதட்டிக்கிட்டே இருந்தா. ஏழு ஆயிடுச்சு. வாசல்ல வண்டி வந்து... புள்ளைக்கு இல்ல மேடம், அவளுக்கு. சொன்னது அவதானே. கூட்டிட்டுப் போயிட்டாங்க."

தன்ஷிகா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எல்லாத் தெருவுலயும் வண்டி நிக்குது. டீக்கடையில, பஸ்ல, எல்லா எடத்துலயும். ஜனங்க சிரிச்சுக்கிட்டே ஏறுறாங்க, ஏதோ தப்பா வந்துருக்கு, எறக்கி விட்டுருவாங்கன்னு. யாருக்கும் அந்தச் சொல்ல அடக்கத் தெரியல. பத்தொன்பது வருஷமா அதுக்கு ஒண்ணும் ஆகல பாருங்க."

"குழுவக் கூட்டுங்க!"

"ஏத்தத்தான் ரெண்டு கையெழுத்து, எடுக்கணும்னா குழுவுல அஞ்சு பேருல மூணு பேரு வேணும் மேடம். நாலு பேரு தூங்குறாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி. நேத்து நீங்க வந்து கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும். சும்மா ஒரு கையெழுத்துதானேன்னு..."

பேச்சு நின்றது.

"மேடம், இது எத்தனையாவதுன்னு எண்ணுனீங்களா? நான் எண்ணல."

அந்தப் பக்கத்தில் ஒரு வண்டியின் ஒலிப்பான் கேட்டது. அதற்கு மேல் குரல் வரவில்லை.

*

மூன்றாம் தளத்துக் கதவு கேட்டது: "எதற்கு?"

"என் புருஷனப் பாக்கணும்."

"அவருடைய நோக்கம் நிறைவேறிவிட்டது. பார்வையாளருக்கு இங்கே நோக்கம் இல்லை."

"அவர எழுப்பணும்."

"அவர் கேட்டால் எழுப்பப்படுவார்."

"அவரு எப்படிக் கேப்பாரு? அவரு வாயில இருக்கறதே ஒரு சொல்லுதான்!"

"ஆம். அதைக் கேட்டோம்" என்றது கதவு, அன்பாக.

துப்புரவு என்றாள். மருந்து என்றாள். வாரியத்தின் மேலாய்வு என்றாள். கதவு ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றது. தாழ்வாரத்தின் கடைசியில் ஜெசிந்தா வாயைக் கையால் பொத்தியபடி நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்தச் சொல்லை எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

தன்ஷிகா கையில் அந்தத் துண்டு இருந்தது. எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை. இனி எந்த அகராதியையும் திருத்த ஆளில்லை, திருத்தினாலும் படிக்க ஆளிருக்காது. அந்த எண்ணம் வந்ததும் பயம்கூட விட்டுப்போயிற்று.

கதவு மறுபடியும் கேட்டது. "எதற்கு?"

"சும்மா" என்றாள்.

கதவு உடனே திறந்தது.

உள்ளே வரிசை வரிசையாகக் கட்டில்கள். இசை ஓடிக்கொண்டிருந்தது. சர்வேஷின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. மருந்து சொட்ட ஆரம்பித்திருந்தாலும் கண் இன்னும் முழுதாக மூடவில்லை. அவன் தலையைத் தூக்கி, துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அடியில் வைத்தாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒன்று என்று ஒளிர்ந்தது. அவளுக்கானதுதான்.

"சும்மா?" என்று சர்வேஷ் முணுமுணுத்தான். ஏன் வந்தாய் என்று கேட்டான்.

"சும்மா" என்றாள்.

அவன் கோபப்பட்டான். போ என்றான். எல்லாம் அந்த ஒரே சொல்லில். அவளும் அதே சொல்லில் பதில் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள், கொஞ்சினாள், ஒருமுறை அழுதாள். வேறு சொல் எதுவும் தேவைப்படவில்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டதே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. சுவரில் ஆறு என்று வந்திருந்தது.

அவன் கண் மூடிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒருமுறை இமையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"சும்மா?"

சாப்பிட்டாயா என்று கேட்கிறான்.

அவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அவன் விரல்களைத் தன் விரல்களோடு கோத்துக்கொண்டு பதில் சொன்னாள். பக்கத்துக் கட்டிலின் போர்வை தானாக விலகியது.